தேர் எந்தத் தெரு வரைக்கும் வருது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல வில்லியனூர் லூர்து மாதா தேர் பவனி படத்த பெருசா போட்டு கீழ 'வேற்றுமையில் ஒற்றுமை'ன்னு எழுதியிருந்தீங்க, பாத்ததும் மனசுக்கு சந்தோஷமா இருந்துச்சு, அந்தப் படத்த வெட்டி தையல் மிஷினுக்கு மேல சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். படத்துல இருக்கறது பொய் இல்ல. அந்த மாதா சொரூபம் 1877ல பிரான்ஸ்லேர்ந்து கப்பல்ல வந்தது, அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் அந்தக் கோயில் குளத்து தண்ணிய பாட்டில்ல பிடிச்சிட்டு போறவங்கள்ல நெத்தி நெறைய குங்குமம் வச்சவங்க எத்தனையோ பேரு, பர்தா போட்டவங்களும் உண்டு, அங்க யாரும் யாரையும் நீ எந்தத் தெருன்னு கேக்கறதில்ல. ஆனா அந்த ராத்திரி முடிஞ்சு பஸ் ஏறி அவங்கவங்க பங்குக்கு, அதாவது அவங்கவங்க ஊரு கோயிலுக்கு, திரும்பி வந்தப்புறம் என்ன நடக்குதுன்னு யாராச்சும் எழுதணும் இல்லீங்களா, அதான் எழுதறேன். நீளமாப் போனா மன்னிச்சுக்கோங்க, முடிஞ்ச வரைக்கும் போடுங்க.

நான் டெய்லர். கல்யாணமாகி இந்தப் பங்குக்கு வந்து 31 வருஷம் ஆவுது. பங்கு பேர வேணும்னேதான் போடல, போட்டா எங்க ஊரு மட்டும்தான் இப்படின்னு மத்த பங்குக்காரங்க நெனச்சுப்பாங்க, அப்படி இல்லன்னு அவங்களுக்கே தெரியும். எங்க கோயிலுக்கு ஊர்த்தெரு சனம் வருது, காலனி சனம் வருது, குப்பத்துலேர்ந்து மீன்பிடிக்கிறவங்க வர்றாங்க. 1962ல புதுச்சேரி முறைப்படி இந்தியாவோட சேர்ந்தப்ப பிரெஞ்சு குடியுரிமைய வச்சுகிட்ட சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரங்க) வீடுங்க ஒரு ஏழெட்டு இருக்கு, ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலைக்கு வந்த கேரளாக்காரங்க இருக்காங்க, ஈழத்துலேர்ந்து வந்த ரெண்டு குடும்பம் இருக்கு, இப்ப ஒரு அஞ்சாறு வருஷமா மேட்டுப்பாளையம் சேதராப்பட்டு கம்பெனிங்கள்ல வேலை பாக்குற ஜார்கண்ட், ஒடிசா பசங்களும் ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர்றாங்க. இவ்வளவு பேரும் ஒரே கூரைக்குக் கீழதான் முழங்கால் போடறோம். ஆனா யாரு எங்க உக்காருவாங்கன்னு கண்ண மூடிகிட்டு நான் சொல்லிடுவேன், அதுதான் எனக்கு வேதனை.

ஒரு விஷயம் சொல்றேன், கேட்டா சின்னதாத்தான் தெரியும். பூசைக்கு உதவி பண்ற பசங்களுக்கு வெள்ள அங்கியும் இடுப்புல கட்டுற செவப்புப் பட்டியும் 18 வருஷமா நான்தான் தைக்கிறேன். மொத்தம் 24 அங்கி, பூசை சாமானும் அங்கியும் வைக்கிற சாக்ரிஸ்டி ரூம் பீரோவுல தொங்கும், எந்தப் பையன் வந்தாலும் உயரத்துக்குத் தக்கன எடுத்து மாட்டிக்குவான். ஒரு நாள் ஒரு அம்மா கடைக்கு வந்து, அக்கா எம் பையனுக்கு மட்டும் தனியா ஒண்ணு தைச்சுடுங்க, துணி நானே வாங்கியாறேன், உள்ள பேரும் போட்டுடுங்கன்னு சொன்னாங்க. புள்ளைக்கு வேர்க்குரு அதுஇதுன்னு இருக்கும் போலன்னு நெனச்சேன். அடுத்த வாரமே இன்னொருத்தங்க வந்தாங்க, அதுக்கு அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பேரு. அப்பதான் எனக்கு வெளங்குச்சு, அந்த வருஷம்தான் காலனிலேர்ந்து ஆறு பசங்க புதுசா சேர்ந்திருந்தாங்க. வெளங்கியும் நான் தைச்சுக் குடுத்தேங்க. கூலி வாங்கிகிட்டு, காலர் பட்டிக்கு உள்பக்கம் நீல நூலால பேரு பேரா தைச்சுக் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் அது நெஞ்சுல உறுத்துது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் அங்கியெல்லாம் இஸ்திரி போட்டு மாட்டிட்டிருந்தேன், காலனிப் பையன் ஒருத்தன், ஒம்போது வயசு இருக்கும், பீரோவத் தெறந்து ஒவ்வொரு அங்கியா காலரத் திருப்பித் திருப்பி பாத்துட்டிருந்தான். என்னடா தேடறன்னு கேட்டேன். 'ஆன்ட்டி, என் பேரு எதுல போட்டிருக்கு?'ன்னான். எனக்கு வாயில வார்த்தை வரல. அன்னைக்கு ராத்திரியே எல்லா அங்கியையும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பிளேடால அந்தப் பேருங்க எல்லாத்தையும் பிரிச்சேன், பிரிச்ச எடத்துல அளவு நம்பர் மட்டும் தைச்சேன், 28, 30, 32ன்னு. விடிகாலை பூசை மணி அடிக்கிறப்பதான் முடிஞ்சுது. ரெண்டு அம்மாங்க என்கிட்ட பேச்ச விட்டுட்டாங்க, ஒருத்தங்க பையன நிறுத்திட்டாங்க, நாலு மாசம் கழிச்சு அந்தப் பையனே அடம் பிடிச்சு திரும்ப வந்துட்டான், அவனுக்கு அவன் கூட்டாளிங்க வேணும்ல.

இதெல்லாம் இன்னைக்கு நேத்து வந்தது இல்லன்னு எம் பொண்ணு காலேஜ்ல வரலாறு படிச்சப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சு துரைகிட்ட துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதின நாட்குறிப்புல 1745 அக்டோபர் மாசத்துல ஒரு சேதி இருக்கு, அவ வீட்டுல சத்தமா படிச்சுக் காமிச்சா. சம்பா கோயிலுக்குள்ள வடக்குப் பக்கத்துல ஒரு சுவரு இருந்துச்சாம். ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவங்க, இன்னொரு பக்கம் சாதிக் கிறிஸ்தவங்களும் சட்டைக்காரங்களும் (ஐரோப்பிய இந்தியக் கலப்புல பொறந்தவங்க) வெள்ளைக்காரங்களும். காரைக்கால் சாமியார் தைரியம் குடுத்து, பெரிய பறச்சேரி சனமெல்லாம் ஒண்ணா சேர்ந்து பெரிய சாமியார்கிட்ட போய், நாங்களும் உங்க சீஷருங்கன்னா எங்கள மட்டும் ஏன் ஒதுக்கி வைக்கிறீங்கன்னு நேருக்கு நேரா கேட்டிருக்காங்க. அவரு கேட்டது ஞாயம்தான்னு அந்தச் சுவர இடிச்சு, நீங்கள்லாம் என் புள்ளைங்க, எல்லார் கூடவும் கலந்து நில்லுங்கன்னு சொல்லிட்டாரு. அந்தக் கட்டடமே இப்ப இல்ல, 1761ல இங்கிலீஷ்காரன் ஊரையே இடிச்சப்ப அதுவும் போச்சு, மிஷன் வீதியில நாம பாக்குற கோயில் 1791ல கட்டி முடிச்சது. ஆனா படிச்சுக் கேட்டப்ப எனக்கு மனசுல தங்கினது சாமியார் சுவர இடிச்சது கூட இல்ல, சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னவங்க முதல்ல போய் கேட்டாங்க பாருங்க, அதுதான். அவங்க கேக்கலன்னா அந்தச் சுவரு இருந்திருக்கும்.

ஜார்கண்ட் பசங்க விஷயத்துக்கு வரேன். மொதல்ல வந்தப்ப கோயிலுக்குள்ளயே வரமாட்டாங்க, செருப்பு விடற எடத்துக்குப் பக்கத்துல தூணோட தூணா நிப்பாங்க, நற்கருணைக்கு மட்டும் உள்ள வந்துட்டு போயிடுவாங்க. ஒரு நாள் நானே போய் கைய பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன். சிம்டேகா ஜில்லா பசங்க, ஊர்ல பாட்டி காலத்துலேர்ந்து கத்தோலிக்கங்க. ஒருத்தன் போன்ல ஒரு படம் காமிச்சான், ராஞ்சி கர்தினால் டெலஸ்போர் டோப்போ, ஒராவோன் ஆதிவாசி, 2003ல கர்தினால் ஆனவரு, எங்க ஆளு எங்க ஆளுன்னு நெஞ்சத் தட்டித் தட்டி காமிச்சான். அவ்வளவு பெருமையோட இருக்கிற புள்ளைங்க இங்க வந்து செருப்பு பக்கத்துல நிக்குதுங்க. மாசத்துல ஒரு ஞாயிறு சாயங்காலம் அவங்களுக்கு இந்தியில பூசை வைக்கலாமான்னு பங்குப் பேரவையில பேச்சு வந்துச்சு, தமிழ்நாட்டுப் பக்கம் இந்தி பூசையான்னு ஒருத்தர் எழுந்துட்டாரு, வேணும்னா அவங்க தமிழ் கத்துக்கட்டும்னு இன்னொருத்தர். அந்த ரெண்டு பேருமே நல்லவங்கதான், தமிழ் மேல இருக்கிற பாசத்துலதான் சொன்னாங்க, எனக்கும் அந்தப் பாசம் இருக்கு. ஆனா எங்க ஆயா கதை எனக்கு ஞாபகம் வந்துச்சு. அவங்க வயசு காலம் பூரா பூசை லத்தீன்லதான், சாமியார் அந்தப் பக்கம் திரும்பி நின்னு சொல்லுவாரு, இவங்க ஒண்ணும் புரியாம பின்னாடி உக்காந்து தமிழ்ல செபமாலை சொல்லிட்டு இருப்பாங்களாம். 1962லேர்ந்து 65 வரைக்கும் ரோமாபுரியில சங்கம் கூடி அந்தந்த சனத்தோட பாஷையில பூசை வைக்கலாம்னு ஆனப்புறம், மொத மொதல்ல தமிழ்ல 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக'ன்னு சாமியார் நம்ம பக்கம் திரும்பி சொன்னப்ப ஆயா அழுதுட்டாங்களாம். நமக்குக் கெடைச்ச அந்தச் சந்தோஷத்த அந்தப் பசங்களுக்கு ஏன் குடுக்கக் கூடாது? துய்மா வீதி கப்ஸ் கோயில்ல தமிழ், இங்கிலீஷ், பிரெஞ்சு மூணுலயும் பூசை நடக்குது, அதனால அங்க தமிழ் தேய்ஞ்சு போயிடல. இத்தாலியிலேர்ந்து வந்த வீரமாமுனிவரு நம்ம தமிழப் படிச்சு, நம்ம பக்கத்து விருத்தாசலம் தாண்டி கோணான்குப்பத்துல மாதாவுக்கே சேலை கட்டி பெரியநாயகின்னு பேரு வச்சாரு, அவரு நமக்காக அவ்வளவு எறங்கி வந்தாரு. பெந்தெகொஸ்தே அன்னைக்கு கூடியிருந்த சனத்துக்கெல்லாம் ஒரே பாஷை வந்துடலீங்க, அவங்கவங்க காதுல அவங்கவங்க பாஷை கேட்டுச்சுன்னுதான் வேதத்துல இருக்கு. இதத்தான் பேரவையில எழுந்து சொன்னேன், கை காலெல்லாம் நடுங்குச்சு. இப்ப அந்தப் பூசை நடக்குது, அவங்க ஊர்லேர்ந்து மாந்தர்ங்கற மத்தளம் ஒண்ணு கொண்டாந்து வச்சிருக்காங்க, கிறிஸ்துமஸுக்கு நம்ம பாடகர் குழுவோட சேர்ந்து வாசிச்சப்ப கோயிலே அதிர்ந்துச்சு.

ஃபெஞ்சல் புயல உங்க வாசகருங்க மறந்திருக்க மாட்டாங்க. 2024 நவம்பர் 30 சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையக் கடந்துச்சு, ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் படகுல ஆள எடுத்தாங்க. மறுநாள் ஞாயிறு, திருவருகைக் காலத்து மொத ஞாயிறு, பூசைக்கு ஆள் இல்ல, அதுக்குப் பதிலா பங்கு ஹால் நெறைய சனம். கரண்ட் இல்ல, மண்ணெண்ண அடுப்புலயும் வெறகுலயும் சமைச்சோம், தக்காளி சாதம், உப்புமா, எது முடியுமோ அது. மூணு நாளு பொட்டலம் கட்டி வீதி வீதியா அனுப்பினோம். மூணாவது நாளு சாயங்காலம் காலனிலேர்ந்து ஒரு வயசான அம்மா முழங்கால் தண்ணியில நடந்து ஹாலுக்கு வந்து நின்னாங்க. கோவமா கூட சொல்லல. 'எங்க தெருவுக்கு வரும்போது கூடை காலியாத்தான் வருது சாமி, மூணு நாளா அப்படித்தான்'னு ஃபாதர்கிட்ட சொன்னாங்க. பொட்டலம் எடுத்துட்டுப் போன பசங்க எல்லாம் ஊர்த்தெரு பசங்க, அவங்களும் கெட்ட எண்ணத்துல செய்யல, போற வழியில மொதல்ல அவங்க தெரு வருது, தெரிஞ்ச மொகமெல்லாம் கேக்குது, குடுத்துட்டே போறாங்க, கடைசியில கூடை காலி. இதுல யாரைக் குத்தம் சொல்றது?

எங்க ஃபாதர் அப்ப செஞ்சத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். அந்த எடத்துலயே, அடுப்பு பொகையில, மெழுகுவத்தி வெளிச்சத்துல, திருத்தூதர் பணி 6ஆம் அதிகாரத்த எடுத்து வாசிச்சாரு. எருசலேம்ல கிரேக்க மொழி பேசுற விதவைங்களுக்கு தினப்படி சாப்பாட்டுல ஓரவஞ்சனை நடக்குதுன்னு ஒரு முணுமுணுப்பு வந்துச்சு, அப்ப திருத்தூதருங்க ஏழு பேர தேர்ந்தெடுத்து அந்த வேலைய ஒப்படைச்சாங்க. ஃபாதர் அந்த ஏழு பேரையும் ஒவ்வொண்ணா படிச்சுட்டு, ஸ்தேவான், பிலிப்பு, நிக்கொலா, இதெல்லாம் என்ன பேருங்க தெரியுமா, அத்தனையும் கிரேக்கப் பேருங்க, குறை சொன்ன பக்கத்து ஆளுங்க கையிலேயே சட்டியும் கரண்டியும் குடுத்துட்டாங்கன்னு சொன்னாரு. எத்தனையோ தடவ அந்த வாசகத்த கேட்டிருக்கேன், நானே பீடத்துல நின்னு வாசிச்சிருக்கேன், இது எனக்குத் தோணினதே இல்ல. அன்னைக்கு ராத்திரிலேர்ந்து பொட்டலத்த எண்ணி கூடையில வைக்கிற பொறுப்பு அந்த அம்மாவுக்கும் காலனி பொண்ணுங்க நாலு பேருக்கும், குப்பத்து ஆளுங்க ரெண்டு பேருக்கும்னு ஆச்சு. மறுநாளு ஊர்த்தெருவுலேர்ந்து ஒரு ஆளு கூட எங்களுக்கு வரலன்னு சொல்லல. அந்த அம்மா ஒவ்வொரு வீட்டுலயும் எத்தன புள்ளைங்க, யாரு சர்க்கரை நோயாளின்னு கேட்டு விரல்ல கணக்கு வச்சுகிட்டு அனுப்பினாங்க. இப்ப பங்கு ஹால் சாவி அவங்ககிட்டதான் இருக்கு.

பெரிய வியாழன் பாதம் கழுவுறதும் எங்க பங்குல மாறிடுச்சு, 2016ல போப் பிரான்சிஸ் பொம்பளைங்களையும் சேர்த்துக்கலாம்னு சொன்னப்புறம் அன்பியத்துக்கு (பக்கத்து பக்கத்து குடும்பங்க சேர்ந்த சின்னக் குழு) ஒருத்தர்னு தெருத்தெருவா ஆள் எடுக்கறோம், அதுல சண்ட சச்சரவு ஒண்ணும் இல்ல.

இன்னும் நடக்காத ஒரு காரியம்தான் தேர். எங்க பங்கு திருவிழாவுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. கோயில் தேரு காலனித் தெருவுக்குள்ள இதுவரைக்கும் போனதில்ல, முக்கு வரைக்கும் வந்து நிக்கும், அவங்க அங்க வந்து உப்பும் மொளகும் பூமாலையும் போட்டுட்டுப் போவாங்க. ஏன்னு கேட்டா, தெரு குறுகல், வயரு தாழ்வா இருக்கு, முக்குல தேர் திரும்பாதுன்னு மூணு காரணம், நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இதே மூணுதான். இதப் பத்தி எடுத்தாலே பெரியவங்க கிளறாதீங்கம்மா, எறையூர் ஞாபகம் இல்லையான்னு வாய அடைச்சிடறாங்க. ஞாபகம் இருக்குங்க. 2008 மார்ச்ல, நம்ம புதுவை கடலூர் உயர்மறைமாவட்டத்துலயே, எறையூர்ல தலித் சனம் தனிப் பங்கு கேட்டு, கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல ரெண்டு உயிர் போச்சு, ரெண்டு பக்கமும் செபமாலை சொல்ற சனம்தான். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனா கேட்டதாலயா அந்த நெலம வந்துச்சு, பல வருஷமா கேட்டும் யாரும் காது குடுக்காததாலயா? 2016ல இந்திய ஆயர் பேரவையே சாதி பாகுபாடு பாவம்னு கொள்கையா எழுதி வெளியிட்டாச்சு, எங்க முக்குல தேர் இன்னும் திரும்பல.

அதனால போன புதன்கிழம ராத்திரி நாங்களே போய் அளந்தோம். என் டேப் 60 இஞ்ச்தான், அது ஒடம்புக்கு, தெருவுக்குப் பத்தாது. கொத்தனார் அண்ணன் ஒருத்தர் 30 மீட்டர் டேப் குடுத்தாரு. பேரு எதுல போட்டிருக்குன்னு கேட்ட அந்தப் பையன் இப்ப பாலிடெக்னிக்ல சிவில் படிக்கிறான், அவன்தான் டேப்போட அந்த முனைய பிடிச்சான், நான் அளவு நோட்டுல எழுதிகிட்டேன். தேரு அகலம் 7 அடி 4 அங்குலம். தெரு ரொம்பக் குறுகலான எடத்துல, கை பம்ப்கிட்ட, 10 அடி 9 அங்குலம். தேரு உயரம் குருசோட சேர்த்து 13 அடி, வயரு தாழ்வான எடத்துல 15 அடிக்கு மேல இருக்கு, அது போதாதுன்னா முறைப்படி மனு குடுத்தா கரண்ட் ஆபீஸ்ல அன்னைக்கு ராத்திரி லைன நிறுத்தித் தருவாங்க. முக்குல திரும்பறதுக்கு மட்டும் வாய்க்கா மேல ரெண்டு சிலாப் போடணும், அந்தக் காச காலனி அன்பியத்துல வீட்டுக்கு வீடு வசூல் பண்ணி வச்சுட்டாங்க, ஊர்த்தெருவுலேர்ந்தும் ஆறு குடும்பம் குடுத்திருக்கு, அதுல ஒண்ணு அன்னைக்கு பையன நிறுத்தின அந்த அம்மா வீடு.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். திருவிழா சேதி எடுக்க உங்க நிருபருங்க வரும்போது தேர படம் எடுங்க, வேணாங்கல, கூடவே தேரு எந்தெந்தத் தெரு வழியா போவுதுன்னு ஒரு வரி கேட்டு எழுதுங்க. நீங்க கேட்டாத்தான் நிறைய ஊர்ல அந்த லிஸ்ட்ட முதல் தடவையா எடுத்துப் பாப்பாங்க.

வர்ற ஞாயிறு ரெண்டாம் பூசை முடிஞ்சு பங்குப் பேரவை கூடுது. அளவு நோட்டோட போறேன். கூடவே அந்த 30 மீட்டர் டேப்பையும் எடுத்துட்டுப் போறேன், நம்பிக்கை இல்லாதவங்க யாராச்சும் இருந்தா வந்து மறு முனைய பிடிச்சுப் பாக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க வாசகி,
புதுச்சேரி